உருகச் சொல்லி உத்தரவிடலாமா?

"விருப்பமில்லாமப் பாடினாலும் சாமி அதைக் கணக்கில எடுப்பாரா, அம்மம்மா?"

கேட்டவள் என் பேத்தி. ஒன்பது வயது. நாங்கள் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில். சாமி அறை என்று தனியாக ஒன்று கிடையாது. மாடியில் உள்ள சின்ன அறையில், துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கும் சாமி அலுமாரிக்கும் நடுவே ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. அங்கேதான் அவள் பின்னேரங்களில் பாட்டுச் சாதகம் செய்கிறாள். செய்ய வைக்கப்படுகிறாள் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும். சுருதிப் பெட்டி என் மகளின் கைபேசியில் ஓடும் ஒரு செயலி. நடுவில் வட்ஸ்அப் 'டிங்' என்று ஓர் அந்நிய சுரத்தைச் சேர்த்துவிட்டுப் போகும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முடிந்து இப்போது ஜண்டை வரிசை நடக்கிறது. முதலாம் காலத்தில் குரல் நன்றாகவே நிற்கும். இரண்டாம் காலத்தில் கண் கதவுப் பக்கம் போகும். மூன்றாம் காலத்தில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை ஏழாகிவிடும். நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்தால் ஒரு சிரிப்பு.

அவளுடைய கேள்விக்கு நம்மவர்களிடம் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். "எடுப்பார், சாமிக்கு எல்லாம் தெரியும்" என்பது ஒன்று. "பாடாட்டி சரஸ்வதி கோவிப்பா" என்பது மற்றது. முதலாவது பிள்ளையின் வாயை அடைப்பதற்கு மட்டும் உதவும். இரண்டாவது அதைவிட மோசம். பாடாமல் விட்டும் ஒன்றும் நடக்கவில்லையே என்று பிள்ளை ஒருநாள் கண்டுபிடிக்கும். அன்றைக்குப் பாட்டும் போகும், சரஸ்வதியும் போவாள். வீட்டில் ஓர் ஒழுங்கு வேண்டுமென்றால் அதைத் தாயும் தகப்பனும் தங்கள் பெயரிலேயே கேட்கட்டும். கடவுளைக் காவல்காரனாக வைத்து வேலை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் கேள்வி லேசானதில்லை. தன்னை அறியாமலே அவள் நம்முடைய பக்தி மரபின் நடு நரம்பிலேயே கை வைத்துவிட்டாள். மனம் உருகாத வழிபாடு வழிபாடே இல்லை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த சமயம் எங்களுடையது. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தன் நெஞ்சு உருகவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும் இடங்கள் எத்தனையோ. கண்ணப்பர் கதையைச் சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். காளத்தியில் சிவகோசரியார் ஆகம முறை தவறாமல் பூசை செய்கிறார். ஒரு வேடன் வந்து வாயில் முகந்த நீரால் திருமஞ்சனம் ஆட்டி, கடித்துச் சுவை பார்த்த இறைச்சியைப் படைக்கிறான். இறைவனுக்கு உவந்தது வேடனுடைய அன்பு. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 'அப்படியென்றால் விருப்பமில்லாமல் நான் பாடுகிற ஸஸ ரிரி யாருக்கு?' என்று கேட்டால் அதில் பிழை காண முடியுமா? மரபின் பாதிப்பேர் அவள் பக்கம்தான் நிற்கிறார்கள்.

மற்றப் பாதிப்பேரைப் பற்றி நாங்கள் குறைவாகப் பேசுகிறோம். கண்ணப்பர் கதையில் எனக்கு எப்போதும் மனதில் நிற்பவர் சிவகோசரியார். அவரைக் கேலிக்குரிய சடங்குக்காரராக்கிப் பிரசங்கம் செய்வார்கள். பெரியபுராணத்தில் அவர் அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் வருகிறார். கோவில் அசுத்தப்பட்டிருப்பதைக் கண்டு பதறுகிறார், துடைக்கிறார், மறுபடி பூசையைத் தொடங்குகிறார். மறுநாளும் அதே அசுத்தம், அதே துடைப்பு. கடைசியில் இறைவன் கனவில் வந்து, ஒளிந்து நின்று பார் என்று சொல்வது அவரிடம்தான். கண்ணைப் பிடுங்கி அப்பிய அந்த அன்பைக் கண்ணால் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் என்பதாலேயே அந்த நேரத்தில் அங்கே நிற்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். பிரசங்கிமார் இதை ஒப்புக்கொள்வார்களோ தெரியாது.

சைவ சித்தாந்தம் இந்த விஷயத்தை உணர்ச்சிவசப்படாமல் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைப் பாடமாக்கிய தலைமுறைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பொருள் விளங்காமல் ஒப்புவித்தோம் என்பது வேறு கதை. முதல் படியாகிய சரியை உடம்பால் செய்யும் தொண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதை விரிக்கும்போது கோவிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப் பறிப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது ஆகியவற்றோடு புகழ்ந்து பாடுவதையும் சேர்க்கிறார். பாடுவது கூட்டுவதோடும் மெழுகுவதோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. சரியைக்குத் தாச மார்க்கம் என்று பெயர், அதற்கு முன்மாதிரி உழவாரம் ஏந்திய அப்பர். வேலைக்காரன் தினமும் காலையில் மனம் பொங்கி வருகிறானா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. வந்தானா, கூட்டினானா என்பதுதான் விஷயம்.

அப்பருக்கு முன்னால் அவருடைய தமக்கை திலகவதியார் இருக்கிறார். தம்பி சமணத்துக்குப் போய் அங்கே பெரிய ஆளாகிவிட்டான். அக்கா திருவதிகை வீரட்டானத்தில் விடியமுன் எழும்பிக் கூட்டி, மெழுகி, மாலை கட்டிக்கொண்டு இருந்தார். தம்பியைத் தேடிப் போய் வாதாடவில்லை, உருகு என்று ஆள் அனுப்பவும் இல்லை. சூலை நோய் தாங்காமல் அவனாகவே வந்தபோது திருநீற்றை எடுத்துக் கொடுத்தார். பிறகுதான் பாட்டு. எங்கள் சமயத்தின் மிகப் பெரிய பாடகர்களில் ஒருவர் பாட வந்தது, பாடாத ஒரு பெண் தினமும் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பக்கத்தில்.

தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்றும் இந்தப் பேச்சுக்கு உதவும். திருப்பதிகம் விண்ணப்பம் செய்ய 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பாடுகிறவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு உரியவர் அந்த இடத்தில் நின்று பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரைப் பாட வைக்க வேண்டும். நெல் எழுதப்பட்டிருக்கிறது, தகுதி எழுதப்பட்டிருக்கிறது. உருக்கம் எழுதப்படவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த நிர்வாகிக்குத் தான் எதை ஒழுங்கு செய்ய முடியும், எதை முடியாது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பாட்டு நின்றுவிடக் கூடாது என்பதை அவனால் கட்டளையிட முடியும். மற்றதைக் கல்லில் வெட்டி என்ன பயன்?

இங்கேயும் அப்படி ஓர் இடம் உண்டு. டிஸ்டிரிக்ட் லைன் பிடித்துப் போய் நகரத்துக்குள் இறங்கினால் சென். பவுல்ஸ் தேவாலயம். அங்கே பாடும் சிறுவர் குழுவின் வரலாறு 12ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிறது. 2024இல்தான் முதன்முதலாகப் பெண்பிள்ளைகளை முழு உறுப்பினராகச் சேர்த்தார்கள்; அதற்கே ஒன்பது நூற்றாண்டு போயிருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு மாலை வழிபாட்டுப் பாடல். வழிபாட்டுக்குப் போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் நான் சில தடவை போய் இருந்திருக்கிறேன். என் பேத்தி வயதுப் பிள்ளைகள் வெள்ளை அங்கியோடு வரிசையாக வந்தார்கள். ஒரு பையன் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உரிய இடத்தில் வாயைத் திறந்தான். அவன் பங்கு சரியாக வந்து விழுந்தது. காலையில் பள்ளிக்கு முன்பே ஒத்திகை, பிறகு பாடம், பிறகு இது. அந்தக் கொட்டாவி வழிபாட்டைக் கெடுத்ததாக எனக்குப் படவில்லை. சுற்றிலும் இருந்த பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய உருக்கத்துக்கு அவனுடைய பங்கு போதுமானதாக இருந்தது.

ஆக, பேத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "சாமி எடுப்பாரோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது, குஞ்சு. ஆனா விருப்பம் வந்தாப் பிறகுதான் பாடுவன் எண்டால், விருப்பம் வாற நாளில பாட உன்னட்டக் குரல் இராது." அவள் திருப்தியடையவில்லை. "தட்ஸ் நொட் அன் ஆன்சர்" என்றாள். அவள் கேட்டது சாமியைப் பற்றி, நான் சொன்னது தொண்டையைப் பற்றி. ஆனாலும் எனக்கு உறுதியாகத் தெரிந்த பகுதி அது மட்டுமே.

ஞானசம்பந்தர் கதையை இந்த இடத்தில் இழுக்காத பெற்றோர் குறைவு. "மூன்று வயதில பாடினவர், நீ ஒன்பது வயதில..." என்று தொடங்குவார்கள். சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்ட பிள்ளையை ஒரு லண்டன் பிள்ளைக்கு அளவுகோலாக வைப்பது அநியாயம். அதைவிட, கதையை அரைவாசியில் நிறுத்துவதும் பிழை. பால் குடித்த அந்தப் பிள்ளை அடுத்ததாகத் திருக்கோலக்காவுக்குப் போய்க் கையால் தாளம் போட்டுப் பாடுகிறது. கை சிவந்துபோகிறது. இறைவன் பொற்றாளம் கொடுக்கிறார். பொன் ஓசை தராதே என்று அம்மை அதற்கு ஓசை கொடுத்ததாக அந்தக் கோவிலில் சொல்வார்கள். ஓசை கொடுத்த நாயகி என்றே அவளுக்குப் பெயர். அருள் பெற்ற பிள்ளைக்கும் தாளம் கையில்தான் விழுந்தது, கைதான் நொந்தது. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர் தகப்பனார் சிவபாதவிருதயர். மூன்று வயதுப் பிள்ளையை ஊர் ஊராகத் தனியே அனுப்பவில்லை.

ஆனால் சாதகம் செய்யும் பிள்ளைக்கு உரிய நாயகர் சம்பந்தர் அல்லர் என்பது என் கட்சி. அவருடன் கூடவே நடந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு ஞானப்பால் கிடைக்கவில்லை. விரலைப் பழக்கி, நரம்பைக் கூட்டி, மனைவி மதங்கசூளாமணியாரோடு ஊர் ஊராகப் போய் வாசித்த தொழில்காரர். தருமபுரத்தில் அவருடைய உறவினர், சம்பந்தரின் பதிகம் சிறப்பது உன்னுடைய யாழால்தான் என்று புகழ்ந்துவிடுகிறார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று சம்பந்தரையே கேட்கிறார். சம்பந்தர் பாடுகிறார், யாழ்மூரி என்று அந்தப் பதிகத்துக்குப் பெயர். நரம்பு பின்தொடர முடியாமல் தடுமாறுகிறது. யாழ்ப்பாணர் யாழை ஓங்கி உடைக்கப் போகிறார்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒருநாள் இந்த இடத்துக்கு வரும். யூடியூபில் தன் வயதில் ஒரு பிள்ளை வர்ணத்தை மூன்று காலத்திலும் பாடுவதைப் பார்த்துவிட்டு வந்து, "நான் இனிப் பாடமாட்டன்" என்று கொப்பியை எறியும். அந்த நேரத்தில் சம்பந்தர் செய்ததைக் கவனியுங்கள். யாழை வாங்கிக்கொள்கிறார். இறைவனின் பெருமை ஒரு கருவிக்குள் அடங்குவதா, இதில் வந்த அளவுக்கு வாசியும் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். இன்னும் பழகினால் என்னை எட்டலாம் என்று ஊக்கம் கொடுக்கவில்லை. உமக்கு இது சரிவராது என்று அனுப்பிவிடவும் இல்லை. எட்டிய அளவு, ஆனால் விடாமல். அதற்குப் பிறகும் அவர் வாசித்தார். சம்பந்தரின் திருமணத்தில் ஒன்றாகச் சோதியில் கலக்கும் வரைக்கும் வாசித்தார். எங்களுடைய ஊருக்கு யாழ்ப்பாணம் என்று பெயர் வந்ததற்கு வேறொரு யாழ்ப்பாடியின் கதை சொல்வார்கள். எனக்கு இந்த யாழ்ப்பாணர் போதும்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் பிறந்தது யாழ்ப்பாணத்து இணுவிலில். தவில் சத்தமும் நாதசுரச் சத்தமும் கேட்காத விடியல் அங்கே இல்லை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி எங்கள் ஊரார். தவில், நாதசுரக் குடும்பங்களில் பிள்ளை விரும்புகிறதா என்ற கேள்வியே எழாது, குலத்தொழில். எங்களுடையது சாதாரண உத்தியோகக் குடும்பம். அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். அவருக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு என்னைப் படிக்க விட்டார். காலையில் நான் திண்ணையில் அகார சாதகம் செய்யும்போது பக்கத்தில் சாய்வு நாற்காலியில் 'ஈழநாடு' பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பார். நல்லாய் இருக்கு என்றோ, பிழைக்குது என்றோ ஒரு வார்த்தை வராது. நான் நிறுத்தினால் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கும். மறுபடி தொடங்கினால் மேலே போகும். அவ்வளவுதான் அவருடைய சங்கீத சேவை. மழை நாளில் பேப்பர் பிந்தினால் முந்தின நாள் பேப்பரையே திரும்ப வாசித்துக்கொண்டு இருப்பார், எழும்பிப் போகமாட்டார்.

மெய்கண்டாரும் அவர் வழி வந்தவர்களும் உயிருக்கு ஒரு குணம் சொல்கிறார்கள். சார்ந்ததன் வண்ணமாகும் என்பது அது. பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல. சித்தாந்த வகுப்பில் இதை ஆணவத்துக்கும் அருளுக்கும் பொருத்திக் காட்டுவார்கள். நான் அதை அப்பாவின் நாற்காலிக்குப் பொருத்திக்கொள்கிறேன். என்னிடம் ஏறியது அவருடைய இசைஞானமாக இருக்க முடியாது, அவரிடம் அது இல்லை. அங்கேயே இருக்கும் குணம் ஏறியது. ஜப்பானில் ஷினிச்சி சுசுக்கி வயலின் கற்பித்த முறையிலும் இதற்கு இடம் உண்டு. பிள்ளை தாய்மொழியைக் கேட்டே பழகுவதுபோல் இசையையும் கேட்டே பழகட்டும் என்பது அவர் கொள்கை. தாயோ தகப்பனோ வகுப்பில் கூட இருந்து, தாங்களும் தொடக்கப் பாடத்தைப் பழகி, வீட்டில் தினமும் பக்கத்தில் இருக்க வேண்டும். லண்டனிலும் அந்த முறையில் கற்பிக்கிறார்கள். நம்மவர்கள் பிள்ளையை வகுப்பு வாசலில் இறக்கிவிட்டுக் காரில் இருந்து கைபேசி பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும், "போய்ச் சாதகம் பண்ணு" என்று மாடிக்கு அனுப்பிவிட்டுக் கீழே தொலைக்காட்சித் தொடர் போடுகிறார்கள். பிள்ளை எதைச் சார்கிறது? மாடியில் பாயும் கதவும்தான் இருக்கின்றன.

இந்த ஊரில் நேரம் ஒரு பெரிய பிரச்சினை, அதை மறைக்க வேண்டியதில்லை. சாதகத்துக்கு விடியற்காலை என்பது ஊர் முறை. இங்கே மார்கழியில் சூரியன் எட்டு மணிக்குத்தான் தலை காட்டும், நாலு மணிக்கு முன்பே போய்விடும். ஆனியில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்திருக்கும். அதை நம்பி அகார சாதகம் தொடங்கினால் பக்கத்து வீட்டுச் சுவர் ஒப்புக்கொள்ளாது. இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை சட்டப்படி சத்தம் அடங்க வேண்டிய நேரம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நைஜீரியப் பெண்மணி. சனிக்கிழமைகளில் தேவாலயப் பாட்டுக்குழுவுக்காக அவர் ஒத்திகை பார்ப்பது எங்களுக்குச் சொல்லுச் சொல்லாகக் கேட்கும். எங்கள் ஜண்டை வரிசை அவருக்குக் கேட்கும். ஒருநாள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது, "சின்னவளை இரண்டு நாளாகக் கேட்கவில்லையே, சுகமில்லையா?" என்று விசாரித்தார். பேத்திக்கு அன்று முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சாமி கேட்கிறாரோ இல்லையோ, ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே எங்கள் வீட்டில் நேரம் பின்னேரச் சாப்பாட்டுக்கு முன். பள்ளியால் வந்து, ஏதும் கடித்து, சீருடை மாற்றினதும் பாய் விரியும். இருபது நிமிடம். அதற்குள் அவள் அழகாகப் பாட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இருக்க வேண்டும், சுருதி ஓட வேண்டும், வரிசை நடக்க வேண்டும். மகள் வேலையால் வந்திருந்தால் அவளும் பாயில் இருப்பாள். இல்லாவிட்டால் நான், துணி மடித்துக்கொண்டு. கடைசியில் ஒரு தேவாரம். அது மட்டும் அவள் தேர்வு. மூன்று கிழமையாக ஒரே தேவாரத்தையே பாடினாலும் நான் வாய் திறப்பதில்லை. சரஸ்வதி பூசையன்று புத்தகமும் பாட்டுக் கொப்பியும் கொலுவில் ஏறிவிடும், தொடக்கூடாது. ஓய்வையும் ஒரு முறையாக வைத்திருக்கும் சமயம் என்பதை அவள் அன்றைக்கு மிகுந்த பக்தியோடு ஏற்றுக்கொள்வாள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறிடத்தில். இந்த நகரத்தில் நம்மவர்களின் பிள்ளைகள் படிப்பதற்கு இடம் இல்லையென்று சொல்ல முடியாது. இப்போது மேற்கு கென்சிங்டனில் உள்ள பாரதிய வித்யா பவன் 1972இலிருந்து இந்த நகரத்தில் இருக்கிறது. கோவில்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள், வீட்டு வகுப்புகள் எங்கும் உண்டு. மேனர் பார்க் முருகன் கோவிலிலும் ஈலிங் அம்மன் கோவிலிலும் பூசை முடிவில் பிள்ளைகள் பஞ்சபுராணம் பாடக் கேட்கலாம். ஆனால் பாட்டை நாங்கள் கிரேட் கிரேடாக வெட்டிவைத்திருக்கிறோம். வெள்ளைக்காரர் 1889இல் அசோசியேட்டட் போர்டைத் தொடங்கி, பிறகு எட்டு கிரேட் வைத்ததை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்கள் சங்கீத சபையும் அதைத்தான் செய்தது. படி வைப்பது தவறில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய அன்றே வீணைக்கு உறை போடுவதுதான் தவறு. ஐந்தாம் ஆண்டு வந்ததும் இலெவன் பிளஸ் ரியூசனுக்காகப் பாட்டு நிற்கும். பிறகு ஜீசிஎஸ்ஈ. நடுவில் ஓர் அரங்கேற்றம்: மண்டபம், சென்னையிலிருந்து பக்கவாத்தியம், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பாடி யாரும் கேட்டதில்லை.

தினசரிச் சாதகம் எதையோ வாங்குவதற்கான கூலியாகப் பிள்ளைக்குக் காட்டப்பட்டால், பொருள் கைக்கு வந்ததும் கூலி கட்டுவதை நிறுத்துவது புத்திசாலித்தனமே. பிள்ளையில் பிழையில்லை. 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் தோழர்களும் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதியதை வைத்துத்தான் பத்தாயிரம் மணிநேரம் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. நம்மவர்கள் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே கட்டுரையில், கவனத்தோடு செய்யும் பயிற்சி இயல்பாக இன்பம் தரும் காரியம் அல்ல என்றும் எழுதியிருக்கிறார்கள். அதைப் பிள்ளைக்குச் சொல்வோர் யார்? நான் சொல்லிவிட்டேன். "ஓம், இது போரிங்தான்" என்று ஒப்புக்கொண்டது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியாக ஒரு கடினமான இடம் மிச்சம் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவள், "எனக்கு இந்தச் சாமியில நம்பிக்கை இல்லை, தேவாரம் பாடமாட்டன்" என்று சொன்னால்? இங்கே வளரும் பிள்ளைகள் பலர் சொல்கிறார்கள். அப்போது சரியை என்று காட்டிப் பாயில் இருத்த எனக்கு உரிமை உண்டா? இல்லை என்பது என் முடிவு. தாச மார்க்கத்தில் தொண்டன் தானாக வந்தவன்; அப்பரைத் திலகவதியார் கட்டி இழுத்து வரவில்லை. சின்னப் பிள்ளையிடம் கை கழுவு, பல் விளக்கு, பாயில் இரு என்று சொல்லும் அதிகாரம் பெரியவர்களுக்கு இருக்கிறது, அது பிள்ளையின் உடம்போடும் நேரத்தோடும் நின்றுவிடும். நம்பு என்று சொல்லும் அதிகாரம் எந்த வயதிலும் யாருக்கும் கிடையாது. அந்த நாள் வந்தால் தேவாரத்தை விட்டுவிட்டு ஜண்டை வரிசையை மட்டும் தொடரலாமா என்று கேட்பேன். அதற்கும் மறுத்தால் பாயைச் சுருட்டி வைப்பேன். நான் என்னுடைய தேவாரத்தை அதே அறையில் அதே நேரத்தில் பாடிக்கொண்டிருப்பேன், கதவைத் திறந்து வைத்து.

வருகிற விஜயதசமிக்குப் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்க இருக்கும் தாய் தகப்பன்மாருக்கு ஒரு சொல். எந்த ஆசிரியர், எந்தப் பரீட்சை, எந்தச் சுருதிப் பெட்டி என்று விசாரிப்பதற்கு முன், தினமும் எந்த இருபது நிமிடம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறீர்கள் என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். உங்களுக்குப் பாடத் தெரிய வேண்டியதில்லை. பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தாலும் போதும். அந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால் இந்த வருடம் கட்டணத்தைக் கட்டாதீர்கள். அடுத்த வருடம் சேர்க்கலாம்.